நோயாளியைப் பார்க்கப் போகுமுன்

டில்லி மாநகரில் வாழும் நம்மவர் குடும்பங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார் என்றால், அன்று மாலைக்குள் அச்செய்தி கரோல் பாக்கிலிருந்து மயூர் விஹார் வரை போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் காலை முதல் பிளாஸ்க்கில் காப்பியும் தூக்குப்பாத்திரத்தில் ரசஞ்சாதமுமாக ஒருவர் பின் ஒருவராய் வந்து நிற்பார்கள். சொந்த ஊரில் அண்ணன் தம்பிமார் செய்ய வேண்டியதை இங்கே சங்கத்து அன்பர்கள் செய்கிறார்கள். இப்பழக்கத்தை நான் குறை கூறப் போவதில்லை. அதன் நிழலில் பலமுறை இளைப்பாறியவன் நான். ஆனால் அந்தப் பாத்திரங்களோடு, நாம் அறியாமலே, வேறொன்றையும் வார்டுக்குள் கொண்டு செல்கிறோம் என்பதைச் சென்ற ஆண்டு என் வீட்டில் நேர்ந்த துன்பம் ஒன்றினால் தெரிந்துகொண்டேன். அதை நேயர்களிடம் சொல்லவே இக்கட்டுரை.

நான் வைத்தியம் படித்தவன் அல்லன். ரயில்வேயில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திடம் விடைபெற்றுக்கொண்டவன். ஆகவே, கீழே வருபவை யாவும் டாக்டர் ஒருவரிடம் கேட்டும், பிறகு நானே தேடிப் படித்தும் அறிந்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த என் தந்தையார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது எழுபத்திரண்டு. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். அறுவைச் சிகிச்சை ஒரு குறையுமின்றி நடந்தது. நாலாம் நாள் கைத்தாங்கலாக எழுந்து நின்றார். பத்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஏழாம் நாள் இரவு குளிர்க்காய்ச்சல் கண்டது. தையல் போட்ட இடம் சிவந்து வீங்கி, அதிலிருந்து நீர் கசிந்தது. அந்தக் கசிவைப் பரிசோதித்துப் பார்த்ததில் கிளெப்சியெல்லா என்னும் கிருமி இருப்பது தெரிந்தது. சாதாரணமாக மனிதர் குடலில் சாதுவாய்க் குடியிருக்கும் கிருமிதான் அது. இவரது காயத்தில் புகுந்ததோ, வழக்கமான மருந்துகள் எதற்கும் அடங்காத இனம். மறுபடியும் கத்தி வைத்துப் புண்ணைக் கழுவினார்கள். மூன்று வேளையும் விலையுயர்ந்த ஊசி மருந்து ஏறியது. பத்து நாள் என்று போனவர் நாற்பத்தேழு நாள் கிடந்தார். என் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

எலும்பு முறிந்ததற்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத வேறொரு நோய் எப்படி வந்தது? இக்கேள்வியைக் கோபமாகவே இளம் டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் பேசாமல் தம் இரு கைகளையும் என் முன் விரித்துக் காட்டினார்.

“இவற்றில் ஏறித்தான் வந்திருக்கும், சார். என் கையாகவும் இருக்கலாம், சிஸ்டர் கையாகவும் இருக்கலாம், உங்கள் கையாகவும் இருக்கலாம். யாரால் சொல்ல முடியும்?” என்றார்.

என் கையா என்று உள்ளூரச் சினந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் பிழையைப் பிறர் தலையில் ஏற்றுகிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். ஆனால் அன்றிரவு படுக்கையில் ஒரு காட்சி நினைவுக்கு வந்து தூக்கத்தைக் கெடுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அந்த டாக்டர் படிக்கச் சொன்ன ஒருவருடைய கதையைச் சொல்ல வேண்டும்.

1846-ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் இருந்த பெரிய பொது ஆஸ்பத்திரியில் இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் உதவியாளராக அமர்ந்தார். ஹங்கேரி நாட்டவர், 1818-இல் பிறந்தவர். அந்த ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கென்று இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற் பிரிவில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள்; இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். கட்டடம் ஒன்று, உணவு ஒன்று, காற்று ஒன்று. எனினும் 1846-இல் முதற் பிரிவில் நூற்றுக்குப் பதினோரு தாய்மார்களுக்கு மேல் பிரசவ ஜுரத்தால் மாண்டார்கள். இரண்டாம் பிரிவிலோ மூவர்கூட இல்லை. ஊர் ஜனங்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. முதற் பிரிவில் சேர்க்கும் நாளில் வந்து அகப்பட்டுக்கொண்ட ஏழைப் பெண்கள், அங்கே போட வேண்டாம் என்று முழந்தாளிட்டு அழுவார்களாம். வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த ஜுரம் அவ்வளவாக வரவில்லை என்பதையும் ஸெம்மல்வைஸ் கவனித்தார். பெரிய பெரிய டாக்டர்கள் இருக்கும் வார்டைவிடத் தெரு மேலாக இருந்தது!

காரணம் தேடி அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. காற்றில் ஏதோ விஷம் என்றார்கள். ஒரே கட்டடத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் விஷக்காற்றா? பிள்ளை பெறும்போது படுக்க வைக்கும் முறையை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. சாகக் கிடப்பவர்களுக்காக வரும் பாதிரியார் மணியடித்துக்கொண்டு அந்த வார்டு வழியே போவதால் பெண்கள் அஞ்சி நடுங்கி ஜுரம் காண்கிறது என்று ஒரு கருத்து இருந்தது. பாதிரியாரை மணியில்லாமல் சுற்று வழியில் வரச் சொன்னார். சாவு குறையவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரும் பேராசிரியருமான கோலெச்கா இறந்துபோனார். பிணப்பரிசோதனை செய்து காட்டும்போது மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலில் பட்டது, அவ்வளவுதான். அவர் உடலைச் சோதித்து எழுதியிருந்ததைப் படித்த ஸெம்மல்வைஸ், பிரசவ ஜுரத்தில் மாண்ட பெண்களிடம் காணும் அதே அடையாளங்கள் அதில் இருக்கக் கண்டு திடுக்கிட்டார். உண்மை பளிச்சென்று விளங்கியது. டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிணங்களை அறுத்துப் பாடம் படிக்கிறார்கள். அப்படியே வந்து பிரசவ வார்டில் கை வைக்கிறார்கள். மருத்துவச்சிகள் பிணம் தொடுவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்தக் கைகளில் பிணவாடை போவதில்லை. வாடை ஒட்டியிருக்கும்போது வேறொன்றும் ஒட்டியிருக்கத்தானே வேண்டும்?

அவ்வாண்டு மே மாத நடுவில், வார்டு வாசலில் குளோரின் கலந்த நீர் வைத்து, அதில் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் எவரும் உள்ளே போகக்கூடாது என்று ஸெம்மல்வைஸ் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டாயிற்று. 1848-ஆம் ஆண்டு முழுவதும் சேர்த்து ஒன்றேகால் அளவுதான். அவ்வாண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் அந்த ஜுரத்தால் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

இப்படிப்பட்டவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைக்கிறோம். நடந்தது வேறு. அவருக்கு மேலதிகாரியாக இருந்த பேராசிரியர் க்ளைன் அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1849-இல் அவருடைய பதவிக் காலம் நீட்டிக்கப்படவில்லை. பெஸ்ட் நகருக்குப் போய் அங்கும் கை கழுவ வைத்து வெற்றி கண்டார். 1861-இல் புத்தகம் எழுதினார், பலர் மதிக்கவில்லை. எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்று திட்டிக் கடிதங்கள் எழுதினார். 1865-இல் மனநிலை குலைந்தவர் என்று அவரை ஒரு விடுதியில் கொண்டு அடைத்தார்கள். இரண்டே வாரத்தில், உடலிற்பட்ட காயம் சீழ்பிடித்து நஞ்சு பரவி இறந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது.

இதைப் படித்தபோது அந்த வியன்னா டாக்டர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மூடர்கள் அல்லர். நூற்றுக்கணக்கான தாய்மார்களைத் தங்கள் கைகளே கொன்றிருக்கின்றன என்பதை எந்த மனிதன் எளிதில் ஒப்புக்கொள்வான்? நானே ஒப்புக்கொள்ளவில்லையே. நினைவுக்கு வந்த காட்சி இதுதான்:

என் தந்தையாருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் கிடந்தார். மீரட் பக்கத்துக் கிராமத்தவர். துணைக்கு இருந்தவர் அவருடைய வயதான மனைவி ஒருத்தியே. அந்த அம்மாளால் குனிய முடியாது. ஆகவே பெரியவரின் மூத்திரப் பையை நிறைந்தபோதெல்லாம் நான்தான் காலி செய்தேன். “பேட்டா, பேட்டா” என்று அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிடுவார். செய்ததில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஆறாம் நாள் மாலை அப்படிப் பையைக் காலி செய்துவிட்டு, குழாயில் தண்ணீர் வராததால் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். தந்தையார் இடுப்புக் கட்டு நழுவுகிறது என்றார். சிஸ்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடாமல் நானே அதை ஒழுங்குபடுத்தினேன்.

அந்தப் பெரியவருக்கும் தந்தையாருக்கும் பின்னர் ஏறியது ஒரே மருந்துதான். இதனால் எதுவும் நிரூபணம் ஆகிவிடவில்லை என்று டாக்டர் சொன்னார். அறுவைச் சிகிச்சையின்போதே வந்திருக்கலாம். வேறு நூறு வழிகள் உண்டு. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், இரக்கமாகவும் இருக்கலாம்.

பார்சல் ஆபீஸில் ஒரு மூட்டை எங்கே ஏறியது, எங்கே மாறியது, எங்கே இறங்கியது என்பதை வில்லையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். கிருமிக்கு வில்லை கிடையாது. ஒரு வார்டில் அது பயணம் செய்யும் வழிகளைக் கேட்டபோது எனக்கு ஒரு பெரிய ரயில்வே யார்டுதான் நினைவுக்கு வந்தது. கட்டிலின் பக்கக் கம்பி, சலைன் தொங்கும் ஸ்டாண்டு, படுக்கையைச் சுற்றிய திரை, கதவுப் பிடி, நம் சட்டைப்பையிலிருக்கும் கைபேசி ஆகிய எதிலும் அது காத்திருக்கும். உலர்ந்த இடத்திற்கூடச் சில கிருமிகள் வாரக்கணக்காக, மாதக்கணக்காக உயிரோடிருக்கும். எஞ்ஜின் மட்டும் வேண்டும். அந்த எஞ்ஜின் கை. உடலுக்குள் நுழையவும் வாசல் வேண்டும். நல்ல தோல் உள்ளவரிடம் வாசல் இல்லை. நோயாளிக்கோ நாமே வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறோம்: அறுவைப் புண், இரத்தக்குழாயில் செருகிய குழாய், மூத்திரக் குழாய், மூச்சுக் கருவியின் குழாய். ஆஸ்பத்திரியில் தொற்றும் நோய்களில் பெரும்பாலானவை இந்த நான்கு வாசல்களைச் சேர்ந்தவையே.

ஸெம்மல்வைஸுக்குக் கிருமி என்பதே தெரியாது. லூயி பாஸ்டர் போன்றவர்களின் ஆராய்ச்சிக்குப் பிறகே அது விளங்கியது. அவர் இறந்த அதே 1865-இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்களைத் துடைத்துச் சீழ்பிடிக்காமல் காத்தார். 1928-இல் அலெக்ஸாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டார். இனிக் கவலையில்லை என்று உலகம் எண்ணியது. கிருமிகளோ எண்ணவில்லை. பென்சிலினுக்கு அடங்காதவற்றை அடக்க 1959-இல் மெத்திசிலின் வந்தது; அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1961-இலேயே, அதற்கும் அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. புது மருந்து ஒவ்வொன்றுக்கும் கதை ஏறக்குறைய இதுவே.

இதில் நம்மூர்ப் பெயரும் ஏறிவிட்டது. புது டில்லி ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று ஸ்வீடனுக்குத் திரும்பிய நோயாளி ஒருவரிடம் 2008-இல் கிளெப்சியெல்லா கிருமி ஒன்றைக் கண்டார்கள். கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனம் என்ற மருந்து வகையையே சிதைக்கும் நொதி ஒன்று அதனிடம் இருந்தது. அதற்கு ‘நியூ டெல்லி’ என்று பெயரின் தொடக்கத்திலேயே வைத்து, சுருக்கமாக என்.டி.எம்.-1 என்றார்கள். இந்த ஆற்றலை ஒரு கிருமி மற்றொரு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடக்கூடும் என்பதுதான் இதில் அஞ்சத்தக்கது. 2010 ஆகஸ்டில் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில் சென்னையில் 44, ஹரியானாவில் 26 என்று கணக்குக் கொடுத்திருந்தார்கள். அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்னும் நம்மவர். 2011-இல் வந்த மற்றோர் ஆய்வில், டில்லிக் குழாய்த் தண்ணீர் மாதிரிகள் ஐம்பதில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும் அந்த ஆற்றலுக்குரிய மரபணு காணப்பட்டது. நகரத்தின் பெயரை வைத்தது நியாயமா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. பெயர் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் வாக்குவாதத்தோடு நிற்காமல், 2012-இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, மருந்துகளைக் கண்டபடி விற்பதையும் எழுதிக் கொடுப்பதையும் கட்டுப்படுத்த ஒரு திட்டம் வகுத்தன. ‘சென்னைப் பிரகடனம்’ என்று அதற்குப் பெயர். கெட்டதற்கு டில்லி என்றும் நல்லதற்குச் சென்னை என்றும் பெயர் அமைந்ததை எங்கள் ஆபீஸ் வடநாட்டு நண்பரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை!

நம் நாட்டுக்கு மட்டும் வந்த கேடு என்று எவரும் எண்ண வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆஸ்பத்திரியில் படுக்கும் நூறு பேரில் செல்வ நாடுகளில் ஏழு பேருக்கும், மற்ற நாடுகளில் பதினைந்து பேருக்கும் இப்படி ஒரு தொற்றாவது உண்டாகிறது; உண்டானவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். அதே அறிக்கை, கை சுத்தம் முதலிய எளிய காரியங்களை ஒழுங்காகச் செய்தால் இவற்றில் எழுபது விழுக்காடு வரை தவிர்க்கலாம் என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்தே காட்டினார்கள். இரத்தக்குழாயில் குழாய் செருகுமுன் கை கழுவுதல், நோயாளியை முழுவதும் துணியால் மூடுதல், தோலைத் தகுந்த மருந்தால் துடைத்தல், தொடையில் செருகாதிருத்தல், தேவை தீர்ந்ததும் எடுத்துவிடுதல் என்ற ஐந்தை மட்டும் தவறாமல் செய்தார்கள். பதினெட்டு மாதத்தில் அவ்வகைத் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. 2006-இல் இது வெளியாயிற்று. புது மருந்து ஒன்றுமில்லை. புது எந்திரமும் இல்லை.

இனி நம் காரியத்துக்கு வருகிறேன். நம் குடும்பங்களில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவோம். பாட்டி காலத்து வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் அது நம்மைக் காப்பதற்கு. வெளியே வந்தபின் கழுவுகிறோமே தவிர, உள்ளே போகுமுன் நம்மில் எத்தனை பேர் கழுவுகிறோம்? பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கம்பியைப் பிடித்த கையோடு போய் நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். செருப்பை மட்டும் வாசலில் மறக்காமல் கழற்றுகிறோம்!

சோப்பும் தண்ணீரும் என்றால் நாற்பது முதல் அறுபது விநாடி, ஆல்கஹால் கலந்த கைத்தைலம் என்றால் இருபது முதல் முப்பது விநாடி தேய்க்க வேண்டும். உள்ளங்கையை மட்டும் அன்று. கட்டைவிரல், விரலிடுக்கு, நகநுனி ஆகியவையே பெரும்பாலும் விட்டுப்போகின்றன. கையில் அழுக்குத் தெரிந்தாலும், நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலும் சோப்புத்தான் சரி. சில கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் இது வேண்டும். கையுறை போட்டிருந்தாலும் வேண்டும். கட்டில் விளிம்பில் உட்காருவது நம் பிரியத்தைக் காட்டும் வழக்கம். அதை நாற்காலிக்கு மாற்றிக்கொள்ளலாம். இருமலோ காய்ச்சலோ உள்ளவர்கள் வீட்டிலிருந்தே டெலிபோனில் விசாரித்தால் நோயாளி கோபித்துக்கொள்ள மாட்டார். கட்டையும் குழாயையும் நாம் தொடவே கூடாது. பக்கத்துக் கட்டிலுக்கு உதவ வேண்டாம் என்று எழுத என் பேனா மறுக்கிறது. உதவலாம், அங்கிருந்து திரும்பும்போது, தண்ணீர் வராவிட்டால் நாலு வார்டு தள்ளிப் போயாவது, கையைக் கழுவிவிட்டே திரும்ப வேண்டும்.

ஒன்று கேட்கவும் பழக வேண்டும். “டாக்டர், இந்த மூத்திரக் குழாய் இன்னும் தேவைதானா?” என்று நாள்தோறும் பணிவாகக் கேட்பதில் தவறில்லை, வேலை தீர்ந்தபின் கிடக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு ஆதாயம். கை கழுவினீர்களா என்று டாக்டரையே கேட்கலாமா என்றால், கேட்கலாம் என்கிறார்கள். எனக்கு நா எழவில்லை. என் மனைவி கைத்தைலப் புட்டியைக் கட்டிலருகே வைத்து, யார் வந்தாலும் முதலில் தான் தேய்த்துக்கொண்டு, பிறகு சிரித்துக்கொண்டே அவர்களிடம் நீட்டுவாள். ஒருவரும் மறுத்ததில்லை.

தந்தையார் இப்போது ஊரில் கைத்தடி ஊன்றி வயலுக்குப் போய் வருகிறார். மீரட்டுப் பெரியவர் மூன்றாம் வாரத்தில் இறந்துபோனார். அவருடைய மனைவி புறப்படும்போது என் கையில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுப் போனார். அவரிடமிருந்து தந்தையாருக்கு நான் எதையாவது கொண்டு வந்தேனா என்று எண்ணியிருந்தவனுக்கு, தந்தையாரிடமிருந்து அவருக்கு எதையாவது கொண்டு போனேனா என்ற எண்ணம் அப்போதுதான் எழுந்தது.

சென்ற மாதம் நம் அன்பர் ஒருவரின் மனைவிக்குப் பிரசவம். சாப்பாட்டுப் பாத்திரங்களை வாசலோடு வாங்கிக்கொள்வது, உள்ளே ஒரு வேளைக்கு ஒருவர் மட்டும் இருப்பது என்று நாங்கள் சிலர் முறை போட்டுக்கொண்டோம். நான் வார்டு வாசலில் புட்டியுடன் நின்றேன். குழந்தையைப் பார்க்க வந்த மூத்த அண்ணாச்சி ஒருவரிடம் அதை நீட்டியதும் அவர் முகம் சிவந்தது.

“என்ன தம்பி, என் கை பட்டால் தீட்டா?” என்றார்.

“உங்கள் கை இல்லை, அண்ணாச்சி. என் கைதான்” என்று சொல்லி, மேலே சொன்ன கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு இரு கைகளையும் நீட்டினார். கட்டைவிரலை விட்டுவிட்டார், அதையும் நினைவுபடுத்தினேன்.